வழிபாட்டில் பெண்கள் முன்னிற்கலாமா? முற்றோதலில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பதினான்கு ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாசக முற்றோதல் நடத்தி வருகிறேன். காலையில் சிவபுராணத்தில் தொடங்கி, 51 பகுதிகளில் உள்ள 658 பாடல்களையும் பாடி, அச்சோப் பதிகத்தில் நிறைவு செய்யும்போது பொழுது சாய்ந்துவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாடும்போது எவருக்கும் ஐயம் எழுவதில்லை. மதியம் பந்தியில் அமரும்போதும், மாலையில் பாய்களைச் சுருட்டும்போதும்தான் ஒருவர் மெல்ல அருகில் வந்து கேட்பார். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அம்மா, பொம்பளைங்க தேவாரம், திருவாசகம் ஓதலாமா? எங்க மாமியார் கூடாதுங்கிறாங்க."

ஓதலாம். திருமுறை ஓதுவதற்கு ஆண், பெண் என்ற தடை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சமய தீட்சை, விசேட தீட்சை ஆகியவற்றைப் பெண்களும் பெறுகிறார்கள். தீட்சை பெறாதவர்களும் பக்தியோடு பாடலாம்.

உங்கள் மாமியாரிடம் காரைக்கால் அம்மையாரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். திருவாலங்காட்டில் அவர் பாடிய இரண்டு பதிகங்களுக்கு 'மூத்த திருப்பதிகம்' என்று பெயர். மூவர் தேவாரத்துக்கும் முந்தியவை என்பதாலேயே அந்தப் பெயர் நிலைத்தது. பத்துப் பாட்டும், திருக்கடைக்காப்பு என்ற ஒரு நிறைவுப் பாட்டுமாகப் பதிகம் அமைக்கும் முறையை அவர் பாடல்களில்தான் முதலில் காண்கிறோம். அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் திருவாலங்காட்டை மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் பழையனூரிலேயே தங்கினார் என்று பெரிய புராணம் சொல்கிறது. ஒரு பெண் வகுத்த வடிவத்தில் அமைந்த பாட்டைப் பெண்கள் பாடக்கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் காரணம் கிடைக்காது.

"அறுபத்து மூவரில் மூன்று பேர்தானே பெண்கள்? இதைப் பெருமை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி இது, நியாயமான கேள்வி. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவர் மட்டுமே அந்தக் கணக்கில் வருகிறார்கள். எண்ணிக்கையில் இது குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் ஒரு பெண்ணையும் நாம் பார்க்க வேண்டும்.

திருவதிகையில் திலகவதியார் இருந்தார். பெற்றோரை இழந்து, மணம் பேசப்பட்டவர் போரில் மாண்ட பிறகு, தம்பிக்காகவே உயிர் தாங்கியவர். அந்தத் தம்பி சமண சமயம் சென்று தருமசேனராகி, தீராத சூலை நோயோடு ஓர் இரவில் திரும்பி வந்து அக்காளின் காலில் விழுகிறார். அப்போது திலகவதியார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுக்கிறார். அதைத் தம்பி உடல் முழுதும் பூசிக்கொள்கிறார். விடிவதற்கு முன்னே, கையில் திருவலகும் சாணக் கரைசல் நிறைந்த தோண்டியுமாகக் கோயிலைத் துப்புரவு செய்யப் புறப்படும் அக்காள், அவரையும் உடன் அழைத்துச் செல்கிறார். 'கூற்றாயினவாறு' என்ற பதிகம் அங்கே பிறக்கிறது. திருநாவுக்கரசரைச் சைவத்துக்கு மீட்டுத் திருநீறு அளித்த கை ஒரு பெண்ணின் கை. குரு என்ற சொல்லை அவருக்கு எவரும் சூட்டவில்லை, ஆனால் அன்று அவர் செய்தது குருவின் வேலையே. அவர் பெயர் அறுபத்து மூவரில் சேராதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

"வேதத்தில் பெண்களுக்கு இடமே இல்லையாமே?"

இருந்தது, பிறகு சுருக்கப்பட்டது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்து 125-ஆம் சூக்தத்தின் ரிஷியாக வாக் ஆம்பிருணி என்ற பெண்ணை மரபு சொல்கிறது. தேவி சூக்தம் என்று இன்றும் ஓதப்படுவது அதுவே. லோபாமுத்ரை, அபாலை, கோஷை ஆகியோரும் மந்திரம் கண்டவர்களாக எண்ணப்படுகிறார்கள். பிருகதாரண்யக உபநிடதத்தில் ஜனகரின் அவையில் யாக்ஞவல்கியரை இருமுறை எழுந்து கேள்வி கேட்பவர் கார்கி. பொருள் வேண்டாம், அமரத்துவம் தரும் அறிவே வேண்டும் என்று கணவரிடம் கேட்டவர் மைத்ரேயி.

உபநயனம் பெற்று வேதம் கற்கும் பெண்கள், நேரே மணம் புரிந்துகொள்ளும் பெண்கள் என்று ஹாரீதர் இரு வகையாகப் பிரித்ததைப் பிற்காலத்து நிபந்தங்கள் என்ற தரும நூல் தொகுப்புகள் எடுத்துக் காட்டுகின்றன. மனு ஸ்மிருதியோ திருமணமே பெண்ணுக்கு உபநயனத்துக்கு ஈடு என்று சொல்லிவிடுகிறது. இரண்டும் நம் மரபின் குரல்களே. ஒன்றை மட்டும் காட்டி 'இதுதான் சாத்திரம்' என்று எவராவது சொன்னால், மற்றதையும் வாசிக்கும்படி பணிவோடு கேளுங்கள்.

"ஆண்டாள் பாசுரத்தை எல்லாப் பெருமாள் கோயிலிலும் பாடுகிறார்கள். ஆனால் கோஷ்டியில் ஒரு பெண்ணைக்கூடக் காணோமே?"

நானும் மார்கழி தோறும் இதை எண்ணுவதுண்டு. திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவையால் பெருமாளை எழுப்புகிறார்கள். பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண்ணின் 30 பாசுரங்களுக்கு அவ்வளவு ஏற்றம். ஆயினும் சன்னிதியில் அருளிச்செயலை, அதாவது ஆழ்வார் பாசுரங்களை, சேவிக்கும் கோஷ்டி பொதுவாக ஆண்களுடையதாகவே இருக்கிறது. பெண்கள் வீட்டிலும் மண்டபத்திலும் தனிக் குழுவாகச் சேவிக்கிறார்கள்.

திருப்பாவையையே ஒருமுறை கவனித்துப் படியுங்கள். தானே நோன்பை அறிவித்து, விதிகளைச் சொல்லி, வீடு வீடாகச் சென்று தோழியரை எழுப்பி, வாயில் காப்போனிடம் பேசி, நப்பின்னையை முன்னிட்டு, இறுதியில் கண்ணனிடமே பறை கேட்பவள் ஒரு பெண். ஒரு கோஷ்டியை வழிநடத்துவது எப்படி என்பதை அதைவிடத் தெளிவாக எவரும் பாடவில்லை. கோஷ்டியில் இடம் கேட்கும் பெண்களுக்கு அந்தப் பாசுரங்களே ஆதாரம் என்பது என் கருத்து.

"என் மகள் இசைக் கல்லூரியில் படிக்கிறாள். பெண் ஓதுவாராக வர முடியுமா?"

வர முடியும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பணி ஆணைகள் வழங்கியபோது, சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். ஓதுவாரின் பணி கருவறைக்கு வெளியே நின்று ஆற்றுவது. பூசைக் காலத்தில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரிய புராணம் என ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடலைப் பஞ்சபுராணமாக ஓத வேண்டும். பண் பிசகாமல், காலப் பூசைக்கு ஏற்ற பாடலைத் தேர்ந்து, சன்னிதிக்கு உரிய குரலில் பாட வேண்டும். கச்சேரிப் பயிற்சி மட்டும் போதாது. முறையான தேவாரப் பயிற்சி வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலில் தீபாராதனை முடிந்து நான் பஞ்சபுராணம் தொடங்கினேன். இரண்டாவது பாடலில் இருக்கும்போது ஒருவர் வந்து ஒலிவாங்கியை என் முன்னாலிருந்து எடுத்துச் சென்றார். காரணம் கேட்டதற்கு 'இங்கே வழக்கமில்லை' என்றார். மீதிப் பாடல்களை ஒலிவாங்கி இல்லாமலே பாடி முடித்தேன். மண்டபத்தின் கல் தூண்கள் குரலை நன்றாகவே தாங்கின. உங்கள் மகளின் குரல் அப்படிப்பட்ட நாளுக்கும் ஆயத்தமாக இருக்கட்டும்.

"அப்படியானால் பெண் அர்ச்சகர்? கருவறைக்குள் போகலாமா?"

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை, ஏனெனில் எல்லாக் கோயில்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்தின்படி நடக்கும் கோயில் ஒரு வகை. ஊர் அம்மன் கோயில், குலதெய்வக் கோயில், புதிதாக எழுந்த வழிபாட்டிடம் என்பன வேறு வகை. ஆகமக் கோயிலில் மூலத் திருமேனியைத் தீண்டிப் பூசிக்க ஆசாரிய அபிடேகம் பெற்ற, குறிப்பிட்ட மரபினரே உரியவர் என்பது சிவாசாரியர்கள், பட்டாசாரியர்களின் நிலை. 1970-இல் தமிழ்நாடு சட்டம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கியது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றதோடு, நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது என்றும் கூறியது. அதே நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பும் நியமனம் ஆகமத்துக்கும் அரசியலமைப்புக்கும் உட்பட்டே அமைய வேண்டும் என்றது. ஆகவே ஆகமக் கோயிலில் இந்தக் கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஆனாலும் 2023 செப்டம்பரில் அரசு அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களில் மூன்று பெண்களும் இருந்தார்கள். அவர்கள் கற்றதை எவரும் இனி அவர்களிடமிருந்து எடுக்க முடியாது.

ஊர்க் கோயில்களில் நிலை வேறு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயிலில் தந்தைக்குப் பின் பூசை செய்த மகளை ஊரார் சிலர் தடுத்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. பெண் பூசை செய்வதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று நீதிபதி கே. சந்துரு தீர்ப்பளித்தார். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பெண்களே கருவறைக்குள் சென்று அன்னைக்கு அபிடேகம் செய்வதைப் பல்லாயிரம் குடும்பங்கள் நேரில் கண்டிருக்கின்றன. கேரளத்தில் ஹரிப்பாட்டை அடுத்த மண்ணாரசாலை நாகராஜா கோயிலில் தலைமைப் பூசகர் ஒரு பெண்தான்; அந்த இல்லத்தின் மூத்த பெண்மணியை 'அம்மை' என்று அழைத்து வணங்குகிறார்கள். 'இந்து மரபில் பெண் பூசை செய்ததே இல்லை' என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள்.

"அக்கா, அந்த மூணு நாள்ல என்ன செய்யறது?"

மெல்லிய குரலில், பெரும்பாலும் பாத்திரம் கழுவும் இடத்தில் கேட்கப்படும் கேள்வி. ஆகமக் கோயில்களில் அந்நாட்களில் செல்லாதிருப்பதே நடைமுறை. மேல்மருவத்தூரில் அத்தகைய விலக்கு இல்லை. மாதவிலக்கு இயற்கையானது, தீட்டு அன்று என்பது அங்குள்ள போதனை. அசாமின் காமாக்கியாவில் அம்புபாச்சி நாட்களில் தேவியே மாதவிலக்காவதாகக் கொண்டு மூன்று நாள் நடை சாத்தி, பின்னர்ப் பெருவிழா எடுக்கிறார்கள். கேரளத்துச் செங்கன்னூரில் தேவியின் மாதவிலக்கு 'திருப்பூத்து' என்ற பெயரில் கொண்டாடப்படுகிறது.

முற்றோதலுக்கு வர எந்த நாளிலும் நான் தடை சொல்வதில்லை. ஓய்வு வேண்டுமென்றால் ஓய்வெடுங்கள். பாட வேண்டுமென்றால் பாடுங்கள். கேட்டவர் ஒருவர் இரண்டாண்டுகள் கழித்து, 'அன்றைக்குத்தான் முதல்முறை குற்ற உணர்வு இல்லாமல் சிவபுராணம் சொன்னேன்' என்றார்.

"வீட்டுக்காரர் போய்ட்டார். நான் குத்துவிளக்கு ஏத்தலாமா? சபையில எல்லோரும் பாப்பாங்களே?"

இதைக் கேட்டவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அன்று விளக்கை அவரைத்தான் ஏற்றச் சொன்னேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் சற்று நீளமாகப் பதில் சொல்வேன்.

கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவியார். கணவர் தில்லைக் கூத்தன்மேல் திருவிசைப்பா பாடியவர். அவர் மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த அந்த அரசியார், செங்கல்லாக இருந்த பழைய கோயில்களைக் கருங்கல்லில் எடுப்பித்தார். திருநல்லம் என்ற கோனேரிராசபுரத்தில் கணவரின் பெயரால் கற்றளி எழுப்பினார். கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிற்பத்தையும், அதன் கீழே கல்வெட்டையும் இன்றும் அங்கே பார்க்கலாம். ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம் ஆகிய ஊர்களிலும் அவருடைய திருப்பணி உண்டு. திருக்கோடிக்காவில் பழைய கோயிலைக் கல்லில் மாற்றியபோது, முன்பிருந்த கல்வெட்டுகளை வீணாக்காமல் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். பிறர் செய்த தானமும் அழியக்கூடாது என்று கருதிய மனம் அது.

கணவனை இழந்த ஒரு பெண் எழுப்பிய கருவறைகளுக்கு முன் நின்றுதான் நாம் மங்கல தீபம் காண்கிறோம். அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்ற ஊரின் கோயிலில், ராஜேந்திர சோழன் காலத்தில் அவருடைய திருமேனியையே எழுந்தருளச் செய்தார்கள். அமங்கலம் என்ற சொல்லை அவர்மேல் எந்தக் கல்வெட்டும் எழுதவில்லை. விளக்கை ஏற்றுங்கள் அம்மா.

"கோயிலில் பெண்கள் இருந்தார்கள் என்றால் தேவதாசிகள்தானே? அந்த முறை திரும்ப வேண்டுமா?"

திரும்பவே கூடாது. ஆனால் அந்த வரலாற்றின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தே அறிய வேண்டும். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 கோயில் ஆடல் மகளிரைக் குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் அளித்தான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த தெருவும் கல்லில் இருக்கின்றன. ஆடலும் பாடலும் வழிபாட்டின் உறுப்பாகக் கருதப்பட்ட காலம் அது.

பிற்காலத்தில் அதே முறை சிறுமிகளின் வாழ்வைச் சிதைக்கும் கொடுமையாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தால் அதனை ஒழித்தது, அது நன்று. ஆனால் அந்தப் பெண்கள் செய்துவந்த கலைப் பணிக்கு ஈடாக, கண்ணியமான வேறு பணி எதுவும் கோயிலுக்குள் பெண்களுக்குத் தரப்படவில்லை. பெண் ஓதுவாருக்கான வேலையை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"ஆண்கள் இல்லாமல், பெண்களே நடத்துகிற வழிபாடு நம்மிடம் உண்டா?"

நிறைய உண்டு, நாம்தான் அவற்றைத் தலைமை என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தென்மாவட்டங்களில் ஔவை நோன்பு இருக்கிறது. 'அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி' என்ற சொல்லுக்கேற்ப அந்த மாதங்களின் செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்கள் அனைவரும் உறங்கிய பிறகு, பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். உப்பில்லாத பச்சரிசி மாவைப் பல வடிவக் கொழுக்கட்டைகளாகப் பிடித்து, ஔவையாரை நினைந்து வழிபட்டு, மூத்தவர் கதை சொல்ல, எல்லோரும் கேட்பார்கள். ஆண் குழந்தைகூட அதைப் பார்க்கக் கூடாது. கொழுக்கட்டையையும் உண்ணக் கூடாது. பூசகர் இல்லை, தட்சணை இல்லை.

முளைப்பாரியும் அப்படியே. வெளிச்சம் படாத அறையில் தானியங்களை விதைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்து, இரவில் சுற்றிவந்து கும்மி பாடி, வெளிறிய பயிராக வளர்த்தெடுத்துத் திருவிழாவன்று தலையில் சுமந்து வருவார்கள். எந்த நாளில் விதைப்பது, எவ்வளவு நீர், யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் ஒரு மூத்த பெண்மணியே முடிவு செய்வார். ஊர்ப் பெரியவர்களும் அவர் சொல்லுக்குக் காத்திருப்பார்கள்.

"கோயில் கமிட்டியில் பெண்களைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்களே?"

அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலானால், சேர்த்தே ஆக வேண்டும். பரம்பரை அல்லாத அறங்காவலர் குழுவில் மூன்று முதல் ஐந்து பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. விண்ணப்பம் கோரும் அறிவிப்பு வரும்போது கவனித்து விண்ணப்பியுங்கள். கணவரின் விருப்பப்படி கையெழுத்திடும் பெயரளவு அறங்காவலராக மட்டும் இருந்துவிடாதீர்கள். உண்டியல் திறப்புக்குப் போங்கள், கணக்கைக் கேளுங்கள்.

தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன், 'நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும்' என்று தன் கொடைக்கு அடுத்தபடியாக அக்காள் குந்தவையின் கொடையை வைத்தான்.

"கல்யாணம், கருமாதி இதையெல்லாம் பெண் செய்து வைக்கலாமா?"

திருமுறைத் திருமணத்தைப் பெண்கள் நடத்தி வைக்கலாம், நானே நடத்தியிருக்கிறேன். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும், புரோகிதர் கட்டாயமில்லை. நீத்தார் கடனிலும் மகன் இல்லாத இடத்தில் மனைவியையும் மகளையும் தரும நூல்கள் சேர்க்கின்றன. தந்தைக்குக் கொள்ளி வைத்த மகள்களை இப்போது ஊர்தோறும் காண்கிறோம்.

"சபரிமலை விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம்?"

2018 செப்டம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்றது. மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பை எழுதியவர் அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதியான இந்து மல்ஹோத்ரா. 2019 நவம்பரில் இதிலெழும் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. நைஷ்டிகப் பிரம்மசாரியாக, அதாவது வாழ்நாள் முழுதும் பிரம்மசாரியாக, விளங்கும் ஐயப்பனின் விரதத்தை மதித்துக் காத்திருக்கும் பெண்ணின் பக்தியும், இருமுடி கட்டிச் செல்ல விரும்பும் பெண்ணின் பக்தியும் எனக்கு ஒன்றே. காத்திருப்பவளை அடிமை என்றும், செல்ல விரும்புபவளை நாத்திகர் என்றும் பழிப்பதை நான் ஏற்கவில்லை. செல்ல விரும்புபவளைத் தடுக்க வேண்டும் என்று என் மனம் ஒருபோதும் சொன்னதில்லை.

"பெண் துறவிகள் தலைமையில் மடம் இருக்க முடியுமா?"

இருக்கிறது. விவேகானந்தர் விரும்பிய பெண்கள் மடம், ஸ்ரீ சாரதா மடம் என்ற பெயரில் 1954-இல் தட்சிணேசுவரத்தில் தொடங்கப்பட்டது. 1959-இல் தனித்து இயங்கும் அமைப்பாயிற்று. அதன் தலைவர் முதல் நிர்வாகிகள் வரை அனைவரும் சந்நியாசினிகள். அன்னை சாரதா தேவியாரும் ஆண், பெண் இருபாலருக்கும் மந்திர தீட்சை அளித்தவர். நம் சைவ ஆதீனங்களின் தலைவர்களான குருமகா சந்நிதானங்களாகப் பெண்கள் அமர்ந்ததில்லை. திலகவதியாரைப் பற்றி மேலே எழுதியதை நினைத்துப் பார்த்தால், அமரக்கூடாது என்பதற்குச் சைவத்தின் உள்ளிருந்து வலுவான காரணம் எனக்குப் புலப்படவில்லை.

"எங்கள் ஊரில் ஒரு குழு தொடங்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஐந்து பேர் போதும். முதல் மாதம் சிவபுராணம் மட்டும். 95 அடிகளையும் பிழையின்றிப் படித்து, பொருள் தெரிந்து பாடுங்கள். அடுத்த மாதம் திருவெம்பாவையின் 20 பாடல்கள். மூத்த ஓதுவார் ஒருவரைத் தேடிச் சென்று பண்களைக் கேட்டுக் கொள்ளுங்கள். பெண்களுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்ற ஓதுவாரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பிறகு பிரதோஷ நாளில் உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில், நந்திக்கு அபிடேகம் நடக்கும்போது பாட அனுமதி கேட்டு, செயல் அலுவலரிடம் எழுத்து மூலமாக ஒரு கடிதம் கொடுங்கள். ஒலிவாங்கி கேட்க வேண்டாம். குழுவில் மிகவும் தயங்குகிறவர் யாரோ, முதல் பாடலை அவரையே தொடங்கச் சொல்லுங்கள்.